பட்டாயா டூர் பேக்கேஜ்: இரவு எட்டு மணிக்கு மேல் யார் பொறுப்பு?

நம் பக்கத்தில் பெயின்ட், சிமென்ட், பூச்சிமருந்து, மோட்டார் பம்ப் என எந்தப் பொருளுக்கு டீலராக இருந்தாலும், ஆண்டு இலக்கை எட்டியவர்களுக்குக் கம்பெனி கொடுக்கும் பரிசுகளில் 'பாங்காக்–பட்டாயா, நான்கு இரவு ஐந்து பகல்' என்ற வரி பெரும்பாலும் இருக்கும். அம்பாசமுத்திரத்தில் என் பெயரில் பெயின்ட் கடை நடத்தி வரும் எனக்கும் அந்தப் பரிசு கிடைத்தது. என் இருக்கைக்குக் கம்பெனி பணம் கட்டியது. கணவருக்கு நாங்களே கட்டினோம். ஏற்பாடு முழுவதையும் திருநெல்வேலியில் அலுவலகம் வைத்திருக்கும் ஒரு பயண நிறுவனம் எடுத்திருந்தது. அதன் பெயரை நான் எழுதப் போவதில்லை. நான் விசாரித்த வரையில் இதே தொகுப்பை, இதே வழித்தடத்தில், கிட்டத்தட்ட இதே வாசகங்களோடு இங்கே வேறு சிலரும் விற்கிறார்கள் என்பதால், இந்த மதிப்புரை ஒரு கடையைப் பற்றியதாக இல்லாமல் சரக்கைப் பற்றியதாக இருப்பதே நல்லது.

பயணத்துக்கான காகித வேலைகளுக்காக அலுவலகத்துக்குப் போன முதல் நாளே, மேசைக்கு அந்தப்புறம் இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அக்கா, இது ஜென்ட்ஸ் குரூப்புக்கா, உங்களுக்கு செட் ஆவாது. அடுத்த வருஷம் துபாய் போடுதோம், அதுல வாங்க" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அச்சடித்த பயணத் திட்டத்தில் கடற்கரை, தோட்டம், புத்தர் கோயில் என்று மட்டுமே இருக்கும்போது ஒரு பெண்ணுக்கு எது பொருந்தாமல் போகும் என்று நான் கேட்டதற்கு, அவரிடம் சிரிப்பைத் தவிர வேறு பதில் இல்லை. நாற்பது பேர் கொண்ட எங்கள் குழுவில் என்னையும் சேர்த்து மூன்று பெண்கள் போனோம்.

நிறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். நெல்லை எக்ஸ்பிரஸில் எழும்பூர் போய் இறங்கியதிலிருந்து விமான நிலையம் வரை வண்டி தயாராக இருந்தது. தாய்லாந்து இப்போது கேட்கும் டிஜிட்டல் வருகை அட்டையை அவர்களே எல்லோருக்கும் நிரப்பிக் கொடுத்திருந்தார்கள்; 2025 மே மாதத்திலிருந்து அது கட்டாயம். பாங்காக்கின் சுவர்ணபூமி விமான நிலையத்தில் இறங்கியதும் பஸ் காத்திருந்தது. சாப்பாட்டில் வடநாட்டு வாடை தூக்கலாக இருந்தாலும் ஒரு வேளைகூட யாரையும் பட்டினி போடவில்லை. நோங் நூச் தோட்டம், பவளத்தீவு, பாங்காக்கில் ஐந்தரை டன் தங்கப் புத்தர் இருக்கும் வாட் டிரைமிட் ஆகியவற்றைக் குறித்த நேரத்தில் காட்டினார்கள். நகைக்கடல் என்று ஒரு இரத்தினக் கடையில் வெகுநேரம் அடைத்து வைத்தது கமிஷனுக்காக என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

சிக்கல் 'மாலை 8 மணிக்கு மேல் ஓய்வு நேரம்' என்ற வரியில் இருக்கிறது. தாளில் ஓய்வு நேரமாக இருப்பது பஸ்ஸுக்குள் வேறாக இருந்தது. விமான நிலையத்திலிருந்து பட்டாயா போகும் வழியில் எங்கள் டூர் மேனேஜர் மைக்கைப் பிடித்து, "அக்காவும் மதினிமாரும் கொஞ்சம் காதைப் பொத்திக்கிடுங்க" என்று ஒரு சிரிப்பலையைக் கிளப்பிவிட்டு, எந்தத் தெருவில் என்ன கிடைக்கும், எவ்வளவு கேட்பார்கள், எவ்வளவுக்குப் படியும் என்று காய்கறிச் சந்தை விலை சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டு வந்தார். தேவைப்படுபவர்கள் அறைக்குப் போனதும் வாட்ஸப்பில் தனக்குச் செய்தி அனுப்பினால் போதும் என்றார். சுற்றுலாக் காவல்துறையின் 1155 என்ற எண்ணை அவர் சொல்லவில்லை. அந்த எண்ணில் ஆங்கிலத்தில் பேசலாம் என்பதும், பயணி எந்த நேரத்திலும் கூப்பிடலாம் என்பதும் எனக்கே ஓட்டல் லிப்டில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

பட்டாயாவில் எல்லாம் சட்டப்படி நடக்கிறது என்ற நம்பிக்கை எங்கள் குழுவில் படித்தவர்களுக்கும் இருந்தது. அது தவறு. தாய்லாந்தில் 1996ஆம் ஆண்டின் பாலியல் தொழில் தடுப்புச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. வெளிப்படையாக நடப்பது போலீஸ் கண்டுகொள்ளாததால் நடக்கிறதே தவிர, அனுமதி இருப்பதால் அல்ல. அந்தச் சட்டத்தின்படி 15 வயதுக்கு மேல் 18க்கு உட்பட்டவரிடம் போகும் வாடிக்கையாளருக்கு ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை. 15க்குக் கீழே என்றால் இரண்டு முதல் ஆறு ஆண்டு. அந்தப் பெண் சம்மதித்தாள் என்று சொல்வது இதில் செல்லாது. ஊர் திரும்பிவிட்டால் தப்பித்தோம் என்பதும் இல்லை. இந்தியக் குடிமகன் வெளிநாட்டில் செய்யும் குற்றத்துக்கும் தான் பொருந்துவதாக, நம் நாட்டின் இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா தன் முதல் பிரிவிலேயே சொல்கிறது. மைக்கில் விலை சொல்லத் தெரிந்தவருக்கு இதைச் சொல்ல இரண்டு நிமிடம் ஆகியிருக்காது.

சட்டத்தைத் தாண்டி இன்னொன்றும் உண்டு. அந்தத் தெருக்களில் நிற்கும் பெண்களில் பலர் 'இசான்' எனப்படும் வடகிழக்கு மாவட்டங்களிலிருந்து, மழையை நம்பிய நெல் விவசாயம் கைகொடுக்காத குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். அக்கம்பக்கத்து நாடுகளிலிருந்து கடத்தி வரப்படுபவர்களும் இருக்கிறார்கள். மீன்பிடி கிராமமாக இருந்த பட்டாயா இப்படி ஆனதற்கு, வியட்நாம் போரின்போது ஓய்வுக்காக அங்கே அனுப்பப்பட்ட அமெரிக்கச் சிப்பாய்கள்தான் தொடக்கம். பக்கத்திலேயே உ-தபாவ் விமானத் தளம் இருந்தது. போர் முடிந்து சிப்பாய்கள் போன பிறகு அந்த இடத்தைச் சுற்றுலாப் பயணிகள் நிரப்பினார்கள்.

ஒரு நள்ளிரவில் கணவருக்குத் தலைவலி மாத்திரை கேட்பதற்காக நான் வரவேற்பு மேசைக்கு இறங்கியபோது, எங்கள் குழுவைச் சேர்ந்த ஒருவரோடு வந்த ஒரு பெண் அங்கே நின்றிருந்தாள். அவள் தன் அடையாள அட்டையை எடுத்து, யாரும் கேட்பதற்கு முன்பே, மேசையில் இருந்த நீல நிறப் பிளாஸ்டிக் தட்டில் வைத்தாள். மேசையில் இருந்தவர் அட்டையில் பிறந்த ஆண்டை விரலால் தொட்டுப் பார்த்து, ஒரு நோட்டில் எண்ணை எழுதி, அறைச் சாவி மாட்டும் ஆணியில் அந்த அட்டையைச் செருகினார். அவள் வெளியே போகும்போது, அறையில் இருப்பவருக்குத் தொலைபேசியில் பேசிக் கேட்டுவிட்டுத்தான் திருப்பிக் கொடுப்பார்களாம். எங்கள் ஆள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள், கடைக்கு வரும் வாடிக்கையாளருக்கு நான் அசைப்பதைப்போல. இத்தனை பேர் இருந்த அந்த ஏற்பாட்டில் வயதைப் பார்த்தவர் ஓட்டல் இரவுப்பணிக்காரர் ஒருவர்தான். பயண நிறுவனத்தின் ஆட்கள் யாரும் பார்க்கவில்லை.

இனிக் களவுக்கு வருகிறேன். பட்டாயாவின் கடற்கரைச் சாலையில் இந்தியப் பயணிகளின் தங்கச் சங்கிலி பறிபோவது அங்குள்ள செய்திகளில் அடிக்கடி வரும் விஷயம். நள்ளிரவுக்கு மேல், குடித்துவிட்டுத் தனியாக நடந்து வருபவரை ஒருவரோ இருவரோ நெருங்கி வந்து, விளையாட்டாகக் கட்டிப்பிடித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள்; நூறடி போன பிறகுதான் கழுத்து லேசாக இருப்பது தெரியும். சட்டைப் பித்தானைத் திறந்துவிட்டு நாலு பவுன், ஐந்து பவுன் மைனர் செயின் தெரிய நடப்பது நம் அண்ணாச்சிமார்களின் வழக்கம் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. குற்றாலத்தில் சீசன் நேரத்தில் அருவிக்குப் போகும் வழியிலேயே நகையைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லிப் போலீசார் அறிவித்துக்கொண்டே இருப்பார்கள்; அந்த அளவுக்குக்கூட எங்கள் டூர் மேனேஜர் செய்யவில்லை.

எங்கள் குழுவில் வள்ளியூர்ப் பக்கத்து அண்ணாச்சி ஒருவருக்கு அதுவே நடந்தது. மறுநாள் காலை உணவின்போது அவர் சட்டைப் பித்தான்களைக் கழுத்து வரை போட்டிருந்ததைப் பார்த்துத்தான் எங்களுக்குச் சந்தேகம் வந்தது. புகார் கொடுக்கலாம், நாங்கள் கூட வருகிறோம் என்று என் கணவர் சொன்னபோது, "விடுங்க தம்பி, வீட்டுல தெரிஞ்சா செயினு போனதைவிட அதுதான் பெரிய கேடு" என்றார். டூர் மேனேஜரோ, "அண்ணாச்சி, கம்ப்ளெயின்ட்டுன்னு போனா நாள் பூரா அங்கேயே உக்காரணும், பாங்காக் பஸ்ஸு போயிரும்" என்று அதற்கு முட்டுக்கொடுத்தார். புகார் கொடுக்காமல் பயணக் காப்பீட்டில் ஒரு ரூபாய்கூடக் கேட்க முடியாது. பாஸ்போர்ட் தொலைந்திருந்தால் பாங்காக்கில் உள்ள இந்தியத் தூதரகம் அவசரப் பயணச் சான்று தருவதற்குக் கேட்கும் காகிதங்களில் காவல்துறைப் புகாரும் ஒன்று. ஆனால் இந்த ஏற்பாடு முழுவதும் வெளியில் சொல்லக் கூடாத ஒன்றின்மேல் கட்டப்பட்டிருப்பதால், களவு கொடுத்தவன் வாய் திறக்க மாட்டான் என்பது திருடனுக்கும் தெரியும், மேனேஜருக்கும் தெரியும். பயணியின் பாதுகாப்பையும் அந்தப் பெண்களின் பாதுகாப்பையும் இரண்டு தனித்தனிப் பேச்சாக நான் நினைக்காததற்கு இதுதான் காரணம். விவகாரத்தை இருட்டில் வைக்கும் வரை இரண்டு பக்கத்துக்கும் பாதுகாப்பு கிடையாது. லாபம் நடுவில் நிற்பவனுக்கு.

இன்னும் சில பொறிகளையும் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. கடற்கரையில் ஜெட் ஸ்கி வாடகைக்கு எடுத்தால், திருப்பிக் கொடுக்கும்போது முன்பே இருந்த கீறலைக் காட்டிப் பெருந்தொகை கேட்பது பழைய வித்தை. எடுப்பதற்கு முன்பு நாலாபக்கமும் வீடியோ எடுத்துக்கொள்வதும், பாஸ்போர்ட்டை அடமானமாகக் கொடுக்காமல் இருப்பதும் ஓரளவு காக்கும். பாங்காக்கின் பட்போங் பகுதியில் மாடி நிகழ்ச்சிக்கு மலிவு விலை அட்டையைக் காட்டி அழைத்துப்போய், இறங்கும்போது ஆயிரக்கணக்கில் பில் போட்டு வாசலை மறிப்பார்கள். முன்பின் தெரியாதவர் ஊற்றிக் கொடுக்கும் பானத்தில் மயக்க மருந்து கலந்து அறையைத் துடைத்துவிட்டுப் போவதும் உண்டு. நம்மவர்கள் கவனிக்க வேண்டியது சீட்டாட்டம். தாய்லாந்தின் சீட்டுக்கட்டுச் சட்டப்படி 120 சீட்டுகளுக்கு மேல் அனுமதியின்றி வைத்திருப்பதே குற்றம். 2016இல் பட்டாயாவில் பிரிட்ஜ் ஆடிக்கொண்டிருந்த 32 வெளிநாட்டு முதியவர்களைக்கூடப் பிடித்துப் போனார்கள். 2023 மே மாதம் ஒரு பட்டாயா ஓட்டலில் பணம் வைத்துச் சூதாடியதற்காக எண்பதுக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கைதானார்கள். எங்கள் குழுவில் மூன்று கட்டு ரம்மிச் சீட்டு அறைக்கு அறை சுற்றிக்கொண்டிருந்தது.

சேவைக்கான கணக்கு விவரத்திலும் ஒரு குறை. என் கணவருக்கு நாங்கள் கட்டிய தொகைக்குக் கொடுத்த பில்லில் ஜி.எஸ்.டி. மட்டும் இருந்தது. வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்புக்கு வாங்குபவரிடம் டி.சி.எஸ். எனப்படும், விற்பவரே வசூலித்துக் கட்டும் வருமான வரியும் பிடித்து, அவருடைய பான் எண்ணில் வரவு வைக்க வேண்டும். வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம். இரண்டு முறை நினைவூட்டிய பிறகுதான் திருத்திய பில் வந்தது. இப்பேக்கேஜை வாங்குகிறவர்கள் முன்பணம் கொடுக்கும்போதே இதைக் கேட்டு வாங்குவது நல்லது.

மத்திய சுற்றுலா அமைச்சகம் 2010இலேயே பாதுகாப்பான, கண்ணியமான சுற்றுலாவுக்கான நடத்தை நெறி ஒன்றை வெளியிட்டிருக்கிறது. பெண்களையும் குழந்தைகளையும் சுரண்டலிலிருந்து காப்பது அதன் நோக்கங்களில் ஒன்று, ஓட்டல்களும் பயண நிறுவனங்களும் அதைப் பின்பற்றும்படி கேட்டுக்கொள்ளப்பட்டிருக்கின்றன. திரும்பி வந்த பிறகு, பெயின்ட் கம்பெனியின் விற்பனை அதிகாரியிடமும் பயண நிறுவனத்தின் முதலாளியிடமும் நான் மூன்று கோரிக்கைகளை எழுதிக் கொடுத்தேன். பயணத்துக்கு முன்பு ஒரு பக்கத் தமிழ்த் தாளில் 1155, தூதரகத் தொடர்பு, சட்டம் என்ன சொல்கிறது, நகை, பாஸ்போர்ட், சீட்டுக்கட்டு ஆகியவற்றைப் பற்றிய எச்சரிக்கை இருக்க வேண்டும். டூர் மேனேஜர் பெண்களை ஏற்பாடு செய்வதும் அதில் கமிஷன் வாங்குவதும் நிற்க வேண்டும். ஏதாவது நடந்தால் பயணியோடு காவல் நிலையம் வருவதற்கு ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும். விற்பனை அதிகாரி தாளை ஏற்றுக்கொண்டார். முதலாளி தன்மையாகப் பேசினார். தேநீர் வரவழைத்தார். "அதெல்லாம் நாங்க செய்யலக்கா, பசங்க அவங்களா செய்யிறாங்க. உங்களுக்குன்னு அடுத்த தடவை சிங்கப்பூர் போட்டுத் தாரேன்" என்றார்.

பஸ்ஸில் மைக்கைப் பிடித்துப் பேசியவருக்கு இவர்தான் சம்பளம் கொடுக்கிறார் என்பதால், அந்தப் பதிலை நான் ஏற்கவில்லை. போக்குவரத்துக்கும் சாப்பாட்டுக்குமாக ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் கொடுத்திருக்கிறேன். கம்பெனி செலவில் போகிறவர்கள், புறப்படுவதற்கு முன்பே டூர் மேனேஜர் யார் என்று கேட்டு, இந்த மூன்று கோரிக்கைகளுக்கும் எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். பதில் தராவிட்டால் பரிசுக்குப் பதில் கிரெடிட் நோட்டாக, அதாவது சரக்குக் கணக்கில் கழித்துக்கொள்ளும் தொகையாக, வாங்கிக்கொள்ள வழியிருக்கிறதா என்று விற்பனை அதிகாரியிடம் கேளுங்கள். எங்கள் கம்பெனியில் இருந்தது. அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.