கோத்தகிரி மாடியறையில் அமெரிக்கக் காலேஜ் ஃபுட்பால்: 250 ரூபாய்க்கு என்ன கிடைக்கிறது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது நம்ம ஊர் கால்பந்து இல்லை. கீழே எழுதி வைத்த "ஃபுட்பால்" போர்டைப் பார்த்து மாடியேறி வந்து, பந்து ஏன் உரிக்காத தேங்காய் மாதிரி இருக்கிறது என்று கேட்டுவிட்டு இறங்கிப் போன இரண்டு பேரை நானே பார்த்திருக்கிறேன். அமெரிக்கக் காலேஜ் பசங்க ஹெல்மெட் மாட்டிக்கொண்டு ஒருத்தர் மேல் ஒருத்தர் விழுகிற ஆட்டம் இது. கோத்தகிரியில் டானிங்டன் என்கிற இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, ஒரு டீக்கடைக்கு மேலே இருக்கும் அறையில், 2024 சீசன் முழுக்க சனிக்கிழமை ராத்திரிகளில் புரொஜெக்டரில் போட்டார்கள். நான் ஆறு தடவை போனேன்.

எனக்கு எதற்கு இந்த ஆட்டம் என்றால், மகள் ஆன் ஆர்பரில் மிச்சிகன் யுனிவர்சிட்டியில் படிக்கிறாள். அவளைப் பார்க்கப் போனபோது ஒரு சனிக்கிழமை ஸ்டேடியத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். 1927-இல் திறந்த ஸ்டேடியம், 1,07,601 பேர் உட்காரலாம். அந்த மாதிரி ஏழு ஸ்டேடியம் இருந்தால் 2011 கணக்குப்படி நம்ம நீலகிரி மாவட்டத்து ஜனம் மொத்தமும் உள்ளே போன பிறகும் இடம் மிச்சமிருக்கும். எங்க வீட்டுக்காரர் அன்றைக்குப் பூராவும் இதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு மனசில் நின்றது வேறு. கடிகாரத்தில் நாலு கால் மணி நேரம், அதாவது 60 நிமிஷ ஆட்டம், முடிவதற்கு மூன்றரை மணி நேரம் ஆகிறது. மிச்சமெல்லாம் நிற்பதும் காத்திருப்பதும்தான். ஆனாலும் அங்கே யாருக்கும் சலிக்கவில்லை, ஏனென்றால் காலையிலேயே எதிர்த்தாற்போல் இருக்கும் கோல்ஃப் மைதானத்தில் காரை நிறுத்தி அடுப்பு மூட்டி இறைச்சி வாட்டிக்கொண்டிருக்கிறார்கள், தெரியாதவர்களுக்கும் ஒரு தட்டு நீட்டுகிறார்கள், இடைவேளை 20 நிமிஷமும் பேண்ட் வாத்தியம். இந்தக் கடையை நான் அளந்தது அதை வைத்துத்தான். படம் தெளிவாகத் தெரிகிறதா என்பது எனக்கு இரண்டாம் பட்சம், ஆட்டம் நிற்கும்போது நம்மை எப்படி வைத்துக்கொள்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

சரி, நேரக் கணக்கு. அங்கே சனிக்கிழமை மதியம் 12 மணி ஆட்டம் நமக்கு ராத்திரி 9.30. நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கடிகாரத்தை மாற்றிய பிறகு 10.30. கடைக்காரத் தம்பி பெரும்பாலும் இந்த ஆட்டத்தை மட்டும்தான் போடுகிறார், நல்ல முடிவு. அடுத்த ஆட்டம் தொடங்கவே நடுராத்திரி தாண்டிவிடும், அதற்கெல்லாம் கல்யாணமாகாதவர்கள்தான் லாயக்கு. தலைக்கு 250 ரூபாய். அதில் இரண்டு டீ, ஒரு தட்டு பஜ்ஜி, இரண்டு வர்க்கி.

வருகிறவர்கள் இருபது பேர் இருப்போம். அங்கே படித்துவிட்டு வந்து இங்கே வீட்டிலிருந்தே ஐடி வேலை பார்க்கிறவர்கள், பிள்ளைகளை அங்கே அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கும் என்னைப் போன்றவர்கள், அப்புறம் எதற்கு வருகிறார் என்றே தெரியாத ஒரு ரிட்டயர்டு வாத்தியார். அவர்தான் இப்போது எல்லோரையும்விட நன்றாக ரூல்ஸ் சொல்கிறார்.

அதற்குக் காரணம் அந்த சிலேட்டு. இந்தக் கடையில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் அதுதான். திரைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய சிலேட்டுப் பலகை. நாலு தடவைக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும், முன்னேறினால் மறுபடி நாலு தடவை, இல்லையென்றால் பந்து எதிராளிக்கு. பந்தோடு எதிராளி பக்கத்துக் கடைசிக் கோட்டைத் தாண்டினால் 6 புள்ளி, அதற்குப் பிறகு பந்தை உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே போட்டால் இன்னும் 1, தாண்ட முடியாமல் தூரத்திலிருந்தே உதைத்துப் போட்டால் 3. இவ்வளவுதான் எழுதியிருக்கிறது. அதன் கீழே இது எத்தனையாவது தடவை, இன்னும் எத்தனை கஜம் என்று கடைப் பையன் ஒவ்வொரு முறையும் அழித்து அழித்து எழுதுகிறான். முதல் நாள் வந்த என் நாத்தனார் அரை மணி நேரத்தில் "மூணாவது தடவை, இன்னும் எட்டு கஜம், இப்ப எறிவான் பாருங்க அண்ணி" என்று சொல்கிற அளவுக்கு வந்துவிட்டாள்.

இனி குறைகள். முதல் தடவை போனபோது குளிருக்கு என்று கரி அடுப்பைக் கொண்டுவந்து அறை நடுவில் வைத்துவிட்டு ஜன்னலை எல்லாம் இறுக்கிச் சாத்திவிட்டார்கள். ஒரு மணி நேரத்தில் எனக்குத் தலை கனத்தது, பக்கத்தில் இருந்த பையனுக்குக் குமட்டல். மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு வாசனையும் கிடையாது, தூக்கம் வருகிற மாதிரிதான் இருக்கும், ஆளையே கொன்றுவிடும். மலையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கே இது தெரியவில்லையே என்று கோபமாகவே சொன்னேன். தம்பி முகம் வெளிறிவிட்டது. அடுத்த வாரம் அடுப்பு இல்லை, ஆளுக்கொரு வெந்நீர்ப் பை கொடுத்தார், துணி உறை போட்டு. பழைய ஸ்வெட்டர் கையை வெட்டித் தைத்த உறை. மடியில் வைத்துக்கொண்டால் இரண்டு மணி நேரம் தாங்குகிறது. இதற்கு மட்டும் தனியாக ஒரு நட்சத்திரம் கொடுக்கலாம்.

அடுத்தது பஜ்ஜி. பஜ்ஜி நன்றாகத்தான் இருக்கிறது, வருகிற நேரம்தான் சரியில்லை. ஆட்டம் விறுவிறுப்பாகப் போகும்போது தட்டை ஏந்திக்கொண்டு திரைக்கு முன்னாலேயே நடப்பார்கள், இடைவேளை 20 நிமிஷமும் எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு விளம்பரம் பார்ப்போம். இந்த ஆட்டத்தில் நிற்கிற நேரம் முன்கூட்டியே தெரியும். ஒவ்வொரு கால் பகுதி முடிவிலும் நிற்கும், யாராவது புள்ளி எடுத்தால் நிற்கும், 2024-லிருந்து முதல் பாதியும் இரண்டாம் பாதியும் முடிய 2 நிமிஷம் இருக்கும்போதும் நிறுத்துகிறார்கள். காலண்டர் தாளின் பின்பக்கம் இதையெல்லாம் எழுதிக் கொடுத்தேன். "அக்கா, எண்ணெய் காயறதுக்கு நேரமாகுதே" என்றார். இரண்டாவது கால் பகுதி பாதியில் சட்டியை வையுங்கள் என்றேன். இப்போது இடைவேளைக்குச் சூடாக வருகிறது. சில நாள் அவர் அம்மா செய்த அவரைக்கொட்டைக் குழம்பும் சோறும் தனிக் காசுக்குக் கிடைக்கும், இருந்தால் விடாதீர்கள்.

நவம்பர் 30 ராத்திரியைச் சொல்லாமல் விட முடியாது. மிச்சிகனும் பக்கத்து மாநிலத்து ஒஹாயோ ஸ்டேட் யுனிவர்சிட்டியும் மோதுகிற நாள். அந்த வாரம் ஒஹாயோக்காரர்கள் தங்கள் வளாகப் போர்டுகளில் இருக்கும் எம் எழுத்தின் மேல் எல்லாம் சிவப்பு டேப்பை ஒட்டி அடித்துவிடுவார்கள், அப்படி ஒரு பகை. அவர்கள் நாட்டில் இரண்டாம் இடத்தில் இருந்தார்கள், நாங்கள் எங்கேயோ கீழே. இங்கே அன்றைக்குத்தான் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறியது, நமக்கும் காற்று. 10-10 என்று நிற்கிறது, கடைசி நிமிஷத்தில் நம்ம பசங்க கோட்டுக்குக் கிட்டே வந்துவிட்டார்கள், கரண்ட் போனது. இன்வெர்ட்டர் இருக்கிறது, புரொஜெக்டர் எரிகிறது, ஆனால் திரையில் வட்டம் மட்டும் சுற்றுகிறது. மோடத்தை இன்வெர்ட்டரில் சேர்க்கவே இல்லையாம்! இருபது பேர் இருட்டில் வெந்நீர்ப் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றோம். கடைசியில் மகள் போன் பண்ணி, ஸ்பீக்கரில், 45 விநாடி மிச்சம் இருக்கும்போது உதைத்து உள்ளே போட்டார்கள் அம்மா, 13-10 என்று கத்தினாள். வாத்தியார் அந்த இருட்டிலும் சிலேட்டில் எழுதினார். இப்போது மோடம் இன்வெர்ட்டரில்தான் இருக்கிறது, நானே வயரைப் பார்த்துவிட்டு வந்தேன்.

போன் என்றதும் ஞாபகம் வருகிறது, உள்ளே நுழைந்ததும் போனைக் கூடையில் போடச் சொல்வார்கள். கோபப்படாதீர்கள். இணையத்தில் வருகிற படம் அரை நிமிஷமாவது பின்தங்கித்தான் ஓடுகிறது, அதற்குள் வாட்ஸ்அப்பில் முடிவு வந்துவிடும், ஒருத்தர் சிரித்தால் போதும், எல்லோருக்கும் ஆட்டம் போச்சு.

கழிவறை கீழே, வெளியே, மழையில் நனைந்துகொண்டுதான் போக வேண்டும். இன்னும் சரி செய்யவில்லை. நாற்காலிகள் பிளாஸ்டிக், மூன்றரை மணி நேரம் உட்கார்ந்தால் இடுப்பு போய்விடும். மிச்சிகன் ஸ்டேடியத்திலும் முக்கால்வாசி சாய்மானம் இல்லாத பெஞ்சுதான், ஆனால் அங்கே ஆளாளுக்கு மெத்தை எடுத்து வருகிறார்கள். நீங்களும் ஒரு தலையணை எடுத்துப் போங்கள்.

திரும்பிப் போவதுதான் பெரிய பாடு. ஆட்டம் முடியும்போது மணி ஒன்று, நவம்பருக்குப் பிறகு இரண்டு, ரோட்டில் காட்டுமாடு நிற்கும், சில நாள் கரடி. தம்பி ஒரு ஜீப் பேசி வைத்திருக்கிறார், ஆளுக்கு 50 ரூபாய், அதைச் சேர்த்தே டிக்கெட் போட்டால் என்ன என்று கேட்டேன், யோசிக்கிறேன் என்றார். யோசிக்கிற விஷயமா இது? கோயம்புத்தூரிலிருந்து வண்டியில் வருகிறவர்கள் இ-பாஸ் எடுத்துக்கொண்டு வந்து இங்கேயே தங்கிவிடுவது உத்தமம்.

இறுதிப் போட்டி 2025 ஜனவரி 21, செவ்வாய்க்கிழமை காலை 6 மணிக்கு. வெளியே நடுக்குகிற குளிர், உள்ளே ஒன்பது பேர். அந்த சீசனில்தான் நாலு அணிக்குப் பதில் பன்னிரண்டு அணிகளை பிளேஆஃபுக்கு, அதாவது கோப்பைக்கான கடைசி நாக்-அவுட் சுற்றுக்கு, எடுத்தார்கள், அதனால் எங்களிடம் தோற்ற ஒஹாயோ ஸ்டேட்டே உள்ளே வந்து, நோட்ர டேம் யுனிவர்சிட்டியை 34-23 என்று ஜெயித்துக் கோப்பையையும் தூக்கிவிட்டது. 31-7 என்று இருந்தது 31-23 ஆனபோது நான் நோட்ர டேமுக்காகக் கத்திய கத்தலில் கீழே டீ குடிக்க வந்தவர்கள் மேலே எட்டிப் பார்த்தார்கள். அன்றைக்கு வெந்நீர்ப் பையும் சுக்குக் காபியும் கேட்காமலே வந்தன, காசு வாங்கவில்லை.

ஐந்துக்கு மூன்றரை. கழிவறையும் ஜீப்பும் சரியானால் நாலரை. செப்டம்பரில் மறுபடி போடுவார்கள், கம்பளி சாக்ஸ் போட்டுக்கொண்டு போங்கள். மூன்றாவது வரிசையில் ஜன்னல் பக்கத்து நாற்காலி என்னுடையது, அதன் ஒரு கால் ஆடும், அடியில் வர்க்கி டப்பா அட்டையை மடித்து வைத்திருக்கிறேன், யாரும் எடுத்துவிட வேண்டாம்.