கண்டாங்கித் தறிக்கு இழுவிசை மீட்டர்: வாங்கலாமா?

நூலின் இழுப்பை அளக்கும் இந்தக் கருவியை வாங்கலாம், மூன்று உருளை வைத்த கைமீட்டராக இருந்தால். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற காரைக்குடி கண்டாங்கிச் சேலைக்கு அகலக் கரைதான் அழகு. அந்தக் கரை சுருங்கினால் பெரும்பாலும் பாவு இழைகளின் (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்களின்) இழுப்பு ஒரே சீராக இல்லை என்று அர்த்தம். கையால் தடவிப் பார்த்தால் அது முழுசாகப் பிடிபடாது.

இரண்டு ஓர உருளைகளுக்கு இடையே நூல் போகும், ஸ்பிரிங் வைத்த நடு உருளை அதை லேசாக வளைக்கும். நூல் எவ்வளவு எதிர்த்துத் தள்ளுகிறதோ அதுவே அளவு. 0 முதல் 50 சென்டிநியூட்டன் வரை காட்டும் மாடல் பருத்திப் பாவுக்குப் போதும்.

முதலில் சரிபார்க்க வேண்டும். அதே நூலில் 20 கிராம் எடையைத் தொங்கவிட்டு, மெதுவாக இழுத்தபடி அளந்தால் 19.6 சென்டிநியூட்டன் காட்ட வேண்டும். கஞ்சி போட்ட நூல் விறைப்பாக இருப்பதால் கூடுதலாகக் காட்டும், அதனால் கஞ்சி போட்ட நூலிலேயே சரிபார்ப்பது நல்லது.

தறியில் விழுதுக்கும் (பாவு இழைகளை மேலும் கீழும் தூக்கி இறக்கும் கண்ணிகள்) பாவு சுற்றிய உருளைக்கும் நடுவில், நீளமான இடத்தில் வையுங்கள். அச்சுக்கு (ஊடு நூலை அடித்து நெருக்கும் சீப்பு போன்ற பாகம்) பக்கத்தில் வைத்தால் மீட்டரே நூலை இழுத்து அளவை ஏற்றிவிடும். மிதியிலிருந்து காலை எடுத்த நிலையில், ஓரம் முதல் ஓரம் வரை பத்து இடத்தில் அளக்கவும். சராசரியைப் பார்க்காதீர்கள், வித்தியாசத்தைப் பாருங்கள். 12, 13, 12 என்று வந்து கரையில் 19 என்றால், அங்கே இழை அறும், துணியும் சுருங்கும்.

உருளைப் பள்ளத்தில் பஞ்சு சேர்வதுதான் இதன் பெரிய குறை, தினமும் தூரிகையால் துடைக்க வேண்டும்.