பானெட் லாட்ச்: ஓடி ஓடித் தேய்ந்த ஹேட்ச்பேக்குகளில் கவனிக்க வேண்டியது

ஓடும்போது பானெட் திறந்துகொண்ட வண்டிகளில் பூட்டு அன்றைக்குத்தான் கெட்டது என்பது அபூர்வம். பானெட்டைக் கவ்விப் பூட்டும் மெயின் லாட்ச் பல நாளாகவே அரைகுறையாகப் பூட்டியிருக்கும். பானெட்டைப் பிடித்து வைத்திருந்தது சேஃப்டி ஹூக் எனும் இரண்டாவது கொக்கி மட்டும்தான். அதுவும் துருப்பிடித்து இறுகிப்போனால், எதிர்க்காற்று பானெட்டைத் தூக்கி முன் கண்ணாடியில் அடித்துவிடும்.

சர்வீஸில் மெயின் லாட்சுக்காவது கிரீஸ் வைப்பார்கள், ஹூக்கை யாரும் தொடுவதில்லை. அமெரிக்காவில் 2020ல் நிசான் 18 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆல்டிமா கார்களைத் திரும்ப அழைத்தது இந்த ஹூக்கால்தான். பெயின்ட் உரிந்து, துருவும் தூசியும் சேர்ந்து, மூடிய பிறகும் ஹூக் திறந்த நிலையிலேயே நின்றுவிட வாய்ப்பிருந்தது. கடலோர ஊர்களில் ஓடும் வண்டிகளுக்கு இது இன்னும் சீக்கிரம் வரும்.

சோதிப்பது எளிது. பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, தடித்த ஸ்க்ரூடிரைவரின் தண்டை லாட்ச் வாய்க்குள் கீழே அழுத்துங்கள். பெரும்பாலான லாட்சுகளில் 'டக்', 'டக்' என்று இரண்டு சத்தம் வரும். இரண்டாவது வந்தால்தான் முழுப்பூட்டு. இப்போது ஸ்க்ரூடிரைவரை மேலே இழுத்தால் வரக்கூடாது. வண்டிக்குள் இருக்கும் பானெட் லீவரை இழுத்ததும் லாட்ச் அதைச் சட்டென்று விட வேண்டும், லீவரும் தானாகப் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். சோம்பலாகத் திரும்பினால் கேபிள் உறைக்குள் துரு. லாட்சைத் திறந்து விடாமல் பானெட்டைப் போட்டுவிடாதீர்கள், ஸ்ட்ரைக்கர் (பானெட்டின் அடியில் லாட்சுக்குள் போய்ப் பூட்டும் கம்பி) மூடிய லாட்சில் இடித்து வளைந்துவிடும். அடுத்து சேஃப்டி ஹூக்: விரலால் தள்ளி விட்டால் ஸ்பிரிங் உடனே திருப்பி அடிக்க வேண்டும். பாதியில் நின்றால் அது இருந்தும் இல்லாத மாதிரிதான்.

இறுகியிருந்தால் டபிள்யூ.டி.-40 அடித்துப் பழைய அழுக்கைக் கரைத்துத் துடைக்கலாம். ஆனால் அதோடு விட்டால் இருந்த கிரீஸும் போய் மறுபடி துருதான். வெள்ளை லித்தியம் கிரீஸ் கட்டாயம். என்ஜின் ஆயில் விடுவது வீண், தூசியைக் கூழாக்கிவிடும்.

பம்பர் இடித்து டிங்கரிங் பார்த்த வண்டியா? அப்படியானால் முதல் சந்தேகம் அலைன்மென்ட். லாட்சைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் பெரும்பாலும் 10 ஸ்பேனர்தான். தளர்த்துவதற்கு முன் மார்க்கரால் சுற்றிக் கோடு போட்டுக்கொண்டு, ஒரு தடவைக்கு ஒரு மில்லிமீட்டர் மட்டும் நகர்த்துங்கள். ஓரத்து ரப்பர் ஸ்டாப்பர் அதிகம் உயர்ந்திருந்தால் லாட்ச் முதல் சத்தத்தோடு நின்றுவிடும். சத்தம் குறையட்டும் என்று கடையில் வாங்கி பானெட் ஓரத்தில் ஒட்டும் ரப்பர் பீடிங்கும் இதே வேலையைத்தான் செய்கிறது. பிரச்சினை வந்தால் முதலில் அதைப் பிய்த்துப் போடுங்கள்.

சாதாரண கம்பி முட்டுள்ள பானெட்டை 20-30 செ.மீ. உயரத்தில் இருந்து விட்டால் போதும். உள்ளங்கையால் அழுத்தினால் தகடுதான் பள்ளமாகும். மூடிய பிறகு முன் விளிம்பைத் தூக்கிப் பார்ப்பது ஒரு நொடி வேலை.

ஹைவேயில் லாரி கடக்கும்போது தகட்டின் நடுப்பகுதி லேசாக நடுங்குவது பல வண்டிகளில் சகஜம். முன் விளிம்பே எழும்பி இறங்கினால் அது வேறு கதை: ஹசார்ட் லைட் போட்டு, திடீர் பிரேக் இல்லாமல் வேகத்தைக் குறைத்து இடது ஓரம் போங்கள். முழுசாகத் திறந்துவிட்டால் டேஷ்போர்டுக்கு மேல், கீல் பக்கத்து இடைவெளியில் கொஞ்சம் ரோடு தெரியலாம். இல்லாவிட்டால் பக்கத்து ஜன்னல்தான் வழி. ஸ்டியரிங்கை வெட்டாதீர்கள். அப்படித் திறந்த வண்டியில் கீல்களும் வளைந்திருக்கும், லாட்சை மட்டும் மாற்றினால் பானெட் நேராக உட்காராது.

சென்னை புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் ஹெட்லைட் வாங்கலாம், பழைய கதவுகூட வாங்கலாம். லாட்ச் மட்டும் வேண்டாம். அதன் ஸ்பிரிங்கும் ஏற்கெனவே ஓடித் தளர்ந்ததுதான். புது லாட்சும் கேபிளும் சேர்த்தே போடுங்கள்.