கிருஷ்ணகிரி அருங்காட்சியகம்: நடுகற்களுக்காகவே போகலாம்

நமக்கு முன்னால் பூமியில் பெரிய நாகரிகம் ஏதாவது இருந்து அழிந்திருக்குமா என்று வீடியோ வீடியோவாகப் பார்ப்பவர்கள் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள். நடுகற்கள் அருமை.

இதே மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 வரை போகிறது, நாலாயிரம் வருஷத் தடயம் இன்னும் மண்ணில் இருக்கிறது. 2018இல் காலநிலை விஞ்ஞானி கேவின் ஷ்மிட், வானியற்பியலாளர் ஆடம் ஃபிராங்க் இருவரும் யோசித்தது அதைவிடப் பழைய கதை: கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் ஒரு தொழில் நாகரிகம் இருந்திருந்தால் கட்டடம் எதுவும் மிஞ்சாது, பாறை அடுக்குகளில் கார்பன் வகைகளின் விகிதம் மாறியிருக்கிறதா என்பது போன்ற தடயங்களைத்தான் தேட வேண்டும். அப்படி ஒன்று இருந்ததாக அவர்களே நம்பவில்லை, நானும் நம்பவில்லை, ஆனால் கேள்வி அபாரம்.

அப்புறம், குழந்தைகளைக் கூட்டிப் போங்கள், நேரம் இருந்தால் மல்லச்சந்திரத்தில் உள்ள கல்திட்டைகளையும் (பலகைக் கற்களால் ஆன பழங்கால ஈமச்சின்னங்கள்) பார்த்துவிடுங்கள்.