எம்ஜிஏ சன்னல் வேலை: பட்டறைக்குக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

கோலாலம்பூரில் திறந்த கூரை எம்ஜிஏ வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பதிவு. 1955 முதல் 1962 வரை வந்த அந்தப் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் கதவில் ஏறி இறங்கும் கண்ணாடி கிடையாது. வெளியே கைப்பிடியும் கிடையாது. மழை வந்தால் துணிக்கூரையை இழுத்துவிட்டு, சட்டம் போட்ட பிளாஸ்டிக் சன்னலைக் கதவின் மேல் மாட்ட வேண்டும். வெளியிலிருந்து கதவைத் திறக்க, சன்னலில் இருக்கும் திறப்பு வழியாகக் கையை விட்டு உள்ளே உள்ள கயிற்றை இழுக்க வேண்டும்.

மங்கிப்போன அந்தச் சன்னல்களை ஜாலான் ஈப்போ பக்கம் ஒரு பட்டறையில் கொடுத்தேன். புகார் நிலுவையில் இருப்பதால் பெயர் போடவில்லை. பேசிய விலை 1,800 வெள்ளி (ரிங்கிட்), முன்பணம் 1,000. பழைய சட்டத்தையே சரிசெய்து, 3 மில்லிமீட்டர் காஸ்ட் அக்ரிலிக் (அச்சில் வார்த்த பிளாஸ்டிக் தகடு) போடுவது என்று ரசீதிலேயே எழுதி வாங்கினேன்.

கைக்கு வந்தது புது அலுமினியச் சட்டம், அதில் அசையாத ஒரே தகடு. திறப்பே இல்லை! இரண்டு பக்கமும் மாட்டிக் கதவைச் சாத்திவிட்டால், கூரையைக் கழற்றித்தான் உள்ளே போக முடியும்.

"அண்ணே, கைய எப்படி உள்ள விடுறது?"

"மழையில யாரு தம்பி இந்தக் கார எடுப்பாங்க?"

சாயங்கால மழை தெரியாத ஊரிலிருந்து வந்தவர் போல.

வெயிலில் நிறுத்தியபோது ஆணித் துளைகளிலிருந்து விரிசல் ஓடியது. அக்ரிலிக் சூட்டில் நன்றாகவே விரியும். 30 டிகிரி ஏறினால் அரை மீட்டர் தகடு சுமார் 1 மில்லிமீட்டர் நீளும். துளை ஆணியைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும். இவர் ஆணி அளவுக்கே துளைத்து, இறுக்கி முறுக்கியிருந்தார். ஓரமெல்லாம் மயிரிழை வெடிப்பு வேறு. பசையைத் தின்னர் போட்டுத் துடைத்த வேலை அது. விளம்பரப் பலகை செய்யும் நண்பர் மிச்சத் துண்டில் டிரில் போட்டுப் பார்த்தார். உருகி முனையில் ஒட்டியது. காஸ்ட் என்றால் தூளாக உதிரும், இது மலிவான எக்ஸ்ட்ரூடட் (இயந்திரத்தில் பிதுக்கி எடுத்த) ரகம் என்றார்.

இதெல்லாம் பணத்தோடு போகும். தாங்க முடியாதது, பழைய சட்டம் போனதுதான். "துரு புடிச்சது, தூக்கிப் போட்டாச்சு லா" என்கிறார் பட்டறைக்காரர். புதுச் சன்னல் இங்கிலாந்திலிருந்து வரவழைக்கலாம்தான். ஆனால் என் காரின் கதவுக்கும் முன்கண்ணாடிச் சாய்வுக்கும் இடைவெளியில்லாமல் உட்கார்ந்தது அந்தப் பழைய சட்டம் மட்டும்தான். புதிதில் விரல் நுழையும் சந்து.

யாராவது கொடுப்பதாக இருந்தால் சட்டத்தை எல்லாப் பக்கமும் படம் எடுங்கள், தடித்த அட்டையில் உருவம் வரைந்து வையுங்கள், அட்டையை மட்டும் கொடுங்கள். தகடு வெட்ட அது போதும். சட்ட வேலை என்றால் ஒரு பக்கம் முடிந்து வந்த பிறகே மறுபக்கம். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வழக்கறிஞர் வேண்டாம், கட்டணம் 5 வெள்ளிதான். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்; என் புகாரே அந்த ஒரு தாளில்தான் நிற்கிறது.

அந்தச் சட்டங்கள் குப்பைக்குப் போயிருக்கும் என்று நான் நம்பவில்லை. எங்காவது எம்ஜிஏ சன்னல் சட்டம் விற்பனைக்கு வந்தால் எனக்குச் சொல்லுங்கள். ஓட்டுநர் பக்கத்துச் சட்டத்தின் கீழ்மூலையில் பித்தளை வைத்து ஒட்டிய தடம் இருக்கும்.