இரண்டு மாதக் கோடைக்குப் புதுச்சேரி: பி.ஜி.யா, ரூம் ஷேரிங்கா?

ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் முடிய மட்டும் புதுச்சேரியில் தங்க வேண்டியவர்கள் ஒவ்வொரு வருஷமும் நிறைய வருகிறார்கள். காலாப்பட்டு பல்கலைக்கழகத்தில் ப்ராஜெக்ட், கோரிமேட்டில் ஜிப்மர் போஸ்டிங், சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் கம்பெனிகளில் இன்டர்ன்ஷிப் என்று காரணம் எதுவாகவும் இருக்கும். தெற்கே கடலூர் சிப்காட்டுக்கு வருகிறவர்களுக்கும் இதே தேடல்தான். பி.ஜி.யில், அதாவது சாப்பாட்டோடு தங்கும் பேயிங் கெஸ்ட் விடுதியில், ஒரு கட்டில் எடுக்கலாம். இல்லையென்றால், மூன்று பேர் இருக்கும் வீட்டில் ஒருவர் லீவுக்கு ஊருக்குப் போயிருப்பார், அவர் வரும்வரை அந்த இடத்தில் சேர்ந்துகொள்ளலாம். புதிதாக வீடு பிடிப்பதை இரண்டு மாதத்துக்கு யோசிக்கவே வேண்டாம். 11 மாத அக்ரிமென்ட், பெரிய அட்வான்ஸ், காலி செய்யும்போது பெயின்ட் பிடித்தம் எல்லாம் சேர்ந்தால் கட்டுப்படியாகாது.

நான் ஷேரிங் பக்கம்தான். வாடகை குறைவு, சமையலறை நம் கையில், ராத்திரி பத்து மணிக்கு கேட் பூட்டமாட்டார்கள். ஆனால் ஏ.சி. கரண்டை எப்படிப் பிரிப்பது என்று முதல் நாளே பேசி முடிக்காத வீடாக இருந்தால், யோசிக்காமல் பி.ஜி.க்கே போய்விடுங்கள். சேர்ந்து தங்குகிறவர்கள் கோடையில் மனஸ்தாபப்பட்டுப் பிரிவது பாத்திரம் கழுவும் முறைக்காக அல்ல, கரண்ட் பில்லுக்காகத்தான்.

முதலில் பி.ஜி. சாப்பாடு, தண்ணீர், கூட்டிப் பெருக்குவது எல்லாம் வாடகையிலேயே அடங்கிவிடும். நைட் டியூட்டி போய்வந்து சமைக்கத் தெம்பில்லாதவர்களுக்கு அது பெரிய உதவி. சேருவதற்கு முன் மூன்று விஷயம் கேளுங்கள். ஏ.சி. ரூம் என்றால் எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை ஓடும்? பல இடங்களில் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரைதான், அதற்கு மேல் போர்டில் அந்த லைனை நிறுத்தும் சுவிட்சான எம்.சி.பி.யையே இறக்கிவிடுவார்கள். பகலில் தூங்குகிற நைட் டியூட்டிக்காரருக்கு அந்த ஏ.சி.யால் பிரயோஜனமில்லை. அடுத்து, கரண்ட் வாடகையோடு சேர்ந்ததா, ரூம் மீட்டர் பார்த்துத் தனியா? தனி என்றால், பக்கத்துக் கட்டில்காரர் பத்து நாள் ஊருக்குப் போனால் அந்த நாட்களின் பில் யார் தலையில்? கடைசியாக நோட்டீஸ். ஒரு மாத நோட்டீஸ் கேட்கிற இடமாக இருந்தால், இரண்டு மாதம் தங்குகிறவர் முதல் மாதம் முடியும்போதே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அட்வான்ஸில் ஒரு மாத வாடகை போய்விடும்.

இனி ஷேரிங். கட்டில், மெத்தை, கிச்சன் நேரம், சைவமா அசைவமா, நண்பர்கள் வந்து தங்கலாமா என்பதெல்லாம் பத்து நிமிஷத்தில் பேசி முடிகிற சமாசாரம். வீட்டு ஓனருக்கு விஷயம் தெரியுமா என்று மட்டும் கண்டிப்பாகக் கேளுங்கள். தமிழ்நாட்டின் 2017ஆம் வருஷ வாடகைச் சட்டம், உரிமையாளர் சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விடுவதை அனுமதிப்பதில்லை. கடலூரில் எடுத்தால் அது நேரடியாகப் பொருந்தும். புதுச்சேரியில் எடுத்தாலும், ஓனர் வாட்ஸ்அப்பில் 'சரி' என்று ஒரு வரி போட்ட பிறகே பணம் கொடுங்கள். வாடகையையும் கையில் கொடுக்காமல் ஜிபேயில் போடுங்கள்.

கரண்டுக்கு வருவோம். புதுச்சேரியில் மின்துறை மாதாமாதம் ரீடிங் எடுக்கிறது. வீட்டு இணைப்புக்கு 100, 200, 300 யூனிட் தாண்டத் தாண்ட அடுத்தடுத்த யூனிட்டின் விலை ஏறும். இரண்டு பெட்ரூம், மூன்று பேர், ஒரு ரூமில் மட்டும் ஏ.சி. என்று வைத்துக்கொள்வோம். ஃபேன், ஃப்ரிட்ஜ், லைட், மோட்டார், வாஷிங் மெஷின் சேர்த்து மாதம் 140 யூனிட் ஆகிறது. 1.5 டன் இன்வெர்ட்டர் ஏ.சி.யை 26 டிகிரியில் வைத்து ராத்திரி 8 மணி நேரம் ஓட்டினால், கத்திரி வெயில் காலத்தில் சுமார் 7 யூனிட் இழுக்கும். 20 டிகிரியில் வைத்தாலோ பழைய இன்வெர்ட்டர் இல்லாத மெஷினாக இருந்தாலோ 10ஐத் தொடும். 7 என்றே வைத்தாலும் மாதம் 210. மொத்தம் 350.

இந்த 350ஐ மூன்றால் வகுத்தால் ஏ.சி. இல்லாத ரூம்காரருக்கு அநியாயம். யூனிட் அதிகமானது மட்டும் இல்லை. ஏ.சி. இல்லையென்றால் அந்த வீடு 140இல் நின்றிருக்கும், 200க்கு மேலான விலைப்படியை எட்டியே இருக்காது. அதனால் ஏ.சி. யூனிட்டுகளை மட்டும் எண்ணிச் சராசரி விலையால் பெருக்குவதும் முழு நியாயம் ஆகாது. நான் சொல்லும் முறை: 140 யூனிட்டுக்கு என்ன பில் வந்திருக்கும் என்று கட்டணப் பட்டியலை வைத்துக் கணக்குப் போடுங்கள். அதை மூன்றாகப் பிரியுங்கள். வந்த பில்லில் மீதி முழுவதும் ஏ.சி. ரூமுக்கு. ஹாலில் இருக்கிற, எல்லோரும் உட்காருகிற ஏ.சி.யாக இருந்தால் மட்டும் சமமாகப் பிரிப்பது சரி.

இதற்கெல்லாம் ஏ.சி. எவ்வளவு ஓடியது என்று தெரிய வேண்டும். 'நான் ஒரு மணி நேரம்தான் போட்டேன்' என்ற பேச்சில் கணக்கு நிற்காது. ஏ.சி. லைனில் ஒரு சப் மீட்டர், அதாவது அந்த லைனின் யூனிட்டை மட்டும் தனியாக எண்ணும் சின்ன மீட்டர், போட்டுவிடுங்கள். சிங்கிள் ஃபேஸ் டிஜிட்டல் சப் மீட்டர் எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும். எலக்ட்ரீஷியனுக்கு அரை மணி வேலை. ஓனரிடம் சொல்லிவிட்டு, மெயினை இறக்கிவிட்டுச் செய்யச் சொல்லுங்கள். இரண்டு மாதத் தகராறோடு ஒப்பிட்டால் அந்தச் செலவு ஒன்றுமில்லை.

சப் மீட்டரில் தவறு நடக்கும் இடங்களும் உண்டு. ரூமுக்கு வரும் மொத்த லைனில் மாட்டிவிட்டால் ஃபேனும் லைட்டும் சேர்ந்து ஓடும், ஏ.சி. எம்.சி.பி.க்கு அடுத்து மாட்டச் சொல்லுங்கள். எண் சக்கரம் சுழலும் மாடலில் கடைசியாகச் சிவப்பில் இருக்கும் எண் தசமம். 00417 என்று தெரிந்து 7 சிவப்பாக இருந்தால் அது 41.7 யூனிட். முழு எண்ணாகப் படித்தால் பில் பத்து மடங்காகிவிடும். மீட்டர் சரியாக ஓடுகிறதா என்ற சந்தேகம் வந்தால் முகப்பைப் பாருங்கள். ஒரு யூனிட்டுக்கு 1600 அல்லது 3200 துடிப்பு என்று அச்சடித்திருக்கும், பக்கத்தில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மினுக்கும். 1600 மீட்டராக இருந்தால், ஏ.சி.யை அணைத்துவிட்டு அதே பிளக்கில் 1500 வாட் கெட்டிலைப் போடுங்கள். ஒரு நிமிஷத்தில் சுமார் 40 முறை மினுக்க வேண்டும். வோல்டேஜ் குறைந்தால் ஒன்றிரண்டு குறையும். 60, 70 என்று போனால் அந்த மீட்டரை மாற்றுங்கள்.

சில ஓனர்கள் ஏற்கெனவே சப் மீட்டர் போட்டு, யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரே விலை வாங்குவார்கள். அந்த வீட்டில் விலைப்படிக் கணக்கே வேண்டாம், ரூம் யூனிட்டைப் பெருக்கினால் முடிந்தது. சேரும்போதே அந்த விலையைக் கேட்டுவிடுங்கள்.

கடலூரில் கணக்கு வேறு. அங்கே தமிழ்நாடு மின்வாரியத்தின் ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. முதல் 100 யூனிட் இலவசம். முக்கியமானது 500இல் இருக்கிறது. இரண்டு மாதத்தில் 500ஐத் தாண்டினால், மேலே போன யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதோடு நிற்பதில்லை. கீழே 101 முதல் 200 வரை கிடைத்த மலிவு விலையும் போய்விடும். 490க்கும் 510க்கும் நடுவே 20 யூனிட்தான், பில்லில் வித்தியாசம் அதைவிட நன்றாகவே தெரியும். மேலே சொன்ன அதே வீடு கடலூரில் இருந்தால் இரண்டு மாதத்துக்கு 280, ஏ.சி.யோடு 700. ரீடிங் தேதிக்குப் பத்து நாள் முன்பு மீட்டரைப் பார்த்து, 500க்கு அருகில் இருந்தால் ஏ.சி. நேரத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வது எல்லோருக்கும் லாபம். மஞ்சக்குப்பம், புதுப்பாளையம் பக்கம் ஷேரிங் வீடுகள் புதுச்சேரி அளவுக்கு அதிகம் இல்லை என்பது என் எண்ணம். சிப்காட்டுக்கு வருகிறவர்கள் நேரில் வந்து தேடுவதே நல்லது.

ஏ.சி.யே வேண்டாம் என்றால் தளத்தைப் பார்த்து எடுங்கள். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் ரூமில் பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் நடு ராத்திரி வரை சூட்டை இறக்கும். மேற்குச் சுவரும் சேர்ந்தால் தூக்கம் கிடையாது. நடுத் தளத்தில், கிழக்கே ஜன்னல் இருந்தால் மதியத்துக்கு மேல் கடல் காற்று வரும். ஏர் கூலர் வாங்கிச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். கடலோரக் காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம், கூலர் இன்னும் ஈரத்தைச் சேர்த்துக் கசகசப்பைத்தான் கூட்டும்.

ஏ.சி. உள்ள வீடாக இருந்தால், ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுவது அந்த ரூம்காரர் வேலை. கேஸ் இறங்கிப் போனால் ஓனர் செலவு. உப்புக் காற்றில் வெளி யூனிட்டின் காயில் அரித்துக் கேஸ் கசிவது இங்கே சகஜம், அதைத் தங்குகிறவர் தலையில் கட்ட விடாதீர்கள்.

சமையல் கேஸுக்கு எளிய வழி இருக்கிறது. சிலிண்டரின் வெற்று எடை அதன் மேலேயே எழுதியிருக்கும். வந்த அன்றும் கிளம்பும் அன்றும், லக்கேஜ் தூக்கிப் பார்க்கும் தராசில் எடை பாருங்கள். குறைந்த கிலோவுக்கு மட்டும் பணத்தைப் பிரியுங்கள். முழு சிலிண்டரில் 14.2 கிலோ கேஸ்.

சேரும் அன்று மெயின் மீட்டர், சப் மீட்டர் இரண்டையும் தேதி தெரிய ஃபோட்டோ எடுத்து ரூம் குரூப்பில் போடுங்கள். கிளம்பும் அன்றும் அதே மாதிரி. பில் பிறகு வரட்டும், யூனிட் தெரிந்துவிட்டதால் அன்றைக்கே கணக்குத் தீர்த்து அட்வான்ஸ் மீதியை வாங்கிக்கொண்டு கிளம்பலாம். கடலூரில் தங்குவது இரண்டு பில் சுழற்சியில் பாதிப் பாதியாக விழுந்தால், நடுவில் ரீடிங் எடுக்கும் அன்றும் ஒரு ஃபோட்டோ வேண்டும்.