பழைய ரெக்கார்டு இரைச்சலை நீக்க எது சரி: ஆடாசிட்டியா, வினைல்ஸ்டூடியோவா, ஆர்எக்ஸா?

மிருதங்கத்தின் வலந்தலையில் சுள்ளென்று விழும் 'நம்'மும், இசைத்தட்டின் கீறலில் ஊசி ஏறி இறங்கும் 'டிக்'கும் கணினிக்கு ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டுமே சட்டென்று எழும்பி அடங்கும் ஒலிகள். அதனால் கர்நாடக இசை எல்.பி.க்களைக் கணினியில் ஏற்றுகிறவர்கள், மென்பொருள் எவ்வளவு இரைச்சலை எடுக்கிறது என்று மட்டும் பார்த்தால் போதாது. பாட்டிலிருந்து எதைச் சேர்த்து எடுத்துக்கொண்டு போகிறது என்றும் பார்க்க வேண்டும்.

ஆடாசிட்டி ஒலியைத் திருத்தும் மென்பொருள், இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். இதிலுள்ள 'கிளிக் ரிமூவல்' தேர்ந்தெடுத்த பகுதி முழுவதையும் ஒரே அளவுகோலால் பார்க்கிறது. அளவைக் கடுமையாக்கினால் மிருதங்கம் மழுங்கிவிடும், தளர்த்தினால் சின்னச் சின்னப் பொரிச்சத்தம் அப்படியே இருக்கும். இதைவிட நம்பகமானது 'ரிப்பேர்' வசதி. ஒரு தடவைக்கு 128 சாம்பிள் (கணினி ஒலியை அளந்து வைக்கும் புள்ளி) வரை, அதாவது விநாடிக்கு 44,100 சாம்பிள் உள்ள 44.1 கிலோஹெர்ட்ஸ் பதிவில் 3 மில்லிசெகண்டுக்கும் குறைவான இடத்தை, அக்கம்பக்கத்து ஒலியை வைத்து நிரப்பிவிடும். வேலை மிகச் சுத்தம். ஆனால் நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் தட்டு ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி எடுக்கிறது. 20 நிமிடம் ஓடும் பக்கத்தில் கீறல் குறுக்கே முழுசாக விழுந்திருந்தால் 600 'டிக்'குக்கு மேல் வரும். கையால் ஒவ்வொன்றாகத் திருத்த யாருக்குப் பொறுமை இருக்கும்?

அந்த இடத்தில்தான் வினைல்ஸ்டூடியோ கைகொடுக்கிறது. காசு கொடுத்து வாங்க வேண்டும், ஆனால் இசைத்தட்டுக்காகவே செய்தது. பதிவு செய்வது, பாட்டுகளைப் பிரிப்பது, 'டிக்'குகளைத் தேடித் திருத்துவது எல்லாம் ஒரே இடத்தில் நடக்கும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது, மூலப் பதிவை இது தொடுவதே இல்லை. திருத்தங்களைத் தனியே குறித்து வைத்துக்கொள்கிறது. தனி ஆவர்த்தனத்தில் ஒரு மிருதங்கச் சொல்லைக் கீறல் என்று தவறாக எடுத்துக்கொண்டால், அந்தத் திருத்தத்தை மட்டும் நீக்கிவிடலாம்.

ஐஸோடோப் நிறுவனத்தின் ஆர்எக்ஸ் ஒலிப்பதிவுக் கூடங்களில் புழங்குவது, விலையும் அதற்கேற்ப அதிகம். ஒலியைப் படமாக விரித்துக் காட்டும். 'டிக்' நெட்டுக்குத்தான கோடாகவும், மின் உறுமல் 50 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் படுக்கைக் கோடுகளாகவும் தெரியும். 'ஸ்பெக்ட்ரல் ரிப்பேர்' கொண்டு அந்தக் கோட்டை மட்டும் எடுத்துவிட்டு, அடியில் ஓடும் குரலை விட்டுவைக்க முடிகிறது. விலை குறைந்த எலிமென்ட்ஸ் பதிப்பில் இந்த வசதி கிடையாது. அப்புறம், நீக்கப்பட்ட ஒலியை மட்டும் தனியாகக் கேட்டுப் பார்க்கலாம். அதில் மிருதங்கம் கேட்டால் அளவைக் குறையுங்கள். ஆடாசிட்டியின் 'நாய்ஸ் ரிடக்‌ஷனி'லும் 'ரெசிட்யூ' என்று இதே வசதி உண்டு, பலர் கவனிப்பதில்லை.

சீறல் ஒலி வேறு விஷயம். அதைக் குறைக்க, வெறும் இரைச்சல் மட்டும் உள்ள ஒரு துண்டை மாதிரியாகக் காட்டச் சொல்வார்கள். நம் கச்சேரித் தட்டுகளில் பாடகர் வாயைத் திறக்கும் முன்பே தம்புரா ஆரம்பித்துவிடும். 'பாட்டு இன்னும் தொடங்கவில்லையே' என்று அந்தத் துண்டைக் காட்டினால், பக்கம் முழுக்கத் தம்புரா கரைந்துபோகும். ஊசி தட்டில் இறங்கியதும் வரும் வெற்றுப் பள்ளத்தை மட்டுமே காட்டுங்கள். குறைப்பதும் 6 டெசிபலோடு நிற்கட்டும். இந்த வேலைக்கு ஆடாசிட்டியே போதும், பணம் செலவழிக்கத் தேவையில்லை.

வீட்டில் ஒரு பெட்டி நிறைய எல்.பி. இருந்தால் வினைல்ஸ்டூடியோதான் என் தேர்வு. வேறெங்கும் கிடைக்காத 78 வேகத் தட்டு ஒன்றிரண்டு என்றால் ஆர்எக்ஸுக்குச் செலவழிப்பது தகும். மோனோ தட்டாக (இடம், வலம் என்று பிரிக்காமல் ஒரே ஒலியாகப் பதிந்தது) இருந்தால், எந்த மென்பொருளையும் தொடும் முன் இட, வலச் சேனல் இரண்டையும் ஒன்றாக்கிவிடுங்கள், மேலும் கீழுமாக ஊசி குதிப்பதால் வரும் இரைச்சலில் பெரும்பகுதி அங்கேயே ரத்தாகிவிடும். அதற்கும் முன்னால் தட்டைக் கழுவுங்கள். 78 தட்டுகளில் மட்டும் ஆல்கஹால் கலந்த திரவம் படவே கூடாது. அவை அரக்கில் செய்தவை, கரைந்துவிடும்.